முழங்காலுக்கு முன்னால் ஒரு தகரம்: ஆனைமலை ஆம்னி ஒன்றின் பாதுகாப்பு வேலை

வண்டி 1996 மாடல் மாருதி ஆம்னி. எட்டு சீட், பெட்ரோலோடு கேஸ் கிட்டும் உண்டு. ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தில் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கியது. இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் பேரன் ஓட்டுகிறார். அவர் குழந்தைக்கு ஒரு சீட் வாங்கி வந்து வேனில் வைத்துப் பார்த்தார். அதைக் கட்ட பின் வரிசையில் பெல்ட்டே இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த வேலையெல்லாம் ஆரம்பித்தது. வண்டி உதிரிபாக டிசைன் என் தொழில் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பட்டறை பொள்ளாச்சியில். டிங்கர் அண்ணன் கரூரில் பஸ் பாடி கட்டும் இடத்தில் பல வருஷம் இருந்தவர். இந்த வேலைக்கு அது பெரிய அதிர்ஷ்டம் என்று போகப் போகத்தான் தெரிந்தது.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியைத்தான் சட்டம் விண்டேஜ் என்கிறது. ஆம்னி வந்ததே 1984-இல் என்பதால் எந்த ஆம்னிக்கும் இன்னும் அந்த அந்தஸ்து கிடைக்காது. ஆனால் கொங்கு நாட்டுத் தோப்பு வீடுகளில் பழைய வேன் என்றால் ஒன்று மேட்டடார், இல்லாவிட்டால் ஆம்னி. பாதுகாப்பு என்று வரும்போது இரண்டுக்கும் ஒரே குறைதான். ஓட்டுபவரின் கால்களுக்கு முன்னால் வண்டி என்று சொல்லும்படி எதுவும் கிடையாது.

மூக்கில்லாத வண்டி

ஆம்னியின் நீளம் 3,370 மில்லிமீட்டர். எடை சுமார் 785 கிலோ. 796 சிசி இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதைப் பார்க்க சீட்டைத் தூக்க வேண்டும். அதனால் சின்ன உடம்புக்குள் எட்டுப் பேருக்கு இடம் கிடைத்தது. அந்த இடத்துக்குக் கொடுத்த விலை, முன்புறம் நசுங்குவதற்கான தூரம். முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு தகரம், அதற்குப் பின்னால் பெடல், பெடல் மேல் கால். காரில் பானெட்டும் இன்ஜினும் சக்கரமும் நசுங்கி அடியை வாங்கிக்கொண்டு நேரம் சம்பாதித்துக் கொடுக்கும். இதில் அந்த வேலையைச் செய்ய முழங்கால் மட்டும்தான் இருக்கிறது.

நசுங்குவதற்கென்றே ஒரு பகுதியை வண்டியில் வைக்க வேண்டும் என்பதை மெர்சிடிஸ் இன்ஜினியர் பேலா பாரெனி 1950-களிலேயே காப்புரிமையாக எழுதி வைத்துவிட்டார். ஆம்னியை வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. ஜப்பானில் நகரத்துக்குள் ஓடும் சின்ன வண்டிக்கு நீள வரம்பு இருந்தது, அதற்குள் அவர்கள் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தியாவிலும் முன்மோதல், பக்கமோதல் சோதனைகள் எல்லா மாடலுக்கும் 2019 அக்டோபர் முதல் கட்டாயம் என்று ஆகவிருந்ததால் அந்த ஆண்டே ஆம்னியின் தயாரிப்பு முடிந்தது. கொஞ்சம் மூக்கு வைத்த மாருதி ஈகோ வேனே, ஏர்பேக் இல்லாத வடிவில், 2016-இல் வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பின் 64 கிலோமீட்டர் வேகச் சோதனையில் பூஜ்ய நட்சத்திரம்தான் வாங்கியது. அப்படியென்றால் ஆம்னியை நாம் எங்கே வைப்பது?

குடும்பத்துக்குக் கணக்கைப் புரிய வைக்கத் தென்னை மரம் உதவியது. மணிக்கு 50 கிலோமீட்டரில் சுவரில் மோதுவது சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 70 என்றால் 19 மீட்டர். 80 என்றால் 25 மீட்டர், நெட்டைத் தென்னையின் கொண்டைக்கும் மேலே. வேகம் 50-லிருந்து 80-க்குத்தான் போகிறது, உயரம் இரண்டரை மடங்காகிறது. மரம் ஏறுபவர்கள் இருக்கும் வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பைப் பம்பர் ஏன் வேண்டாம்

முதல் யோசனையை எல்லோரும் ஊகித்திருப்பீர்கள்.

"முன்னாடி ரெண்டு இஞ்சு பைப்புல நல்ல பம்பரு ஒண்ணு போட்டுட்டா போதுமுங்களாண்ணா?" என்று பேரன் கேட்டார்.

டிங்கர் அண்ணன் வண்டிக்கு அடியிலிருந்தே பதில் சொன்னார். "போட்டா பம்பருக்கு ஒண்ணும் ஆவாதுங் தம்பி. உங்க காலுக்குத்தான் ஆவும்."

அதில் இருக்கும் கணக்கு இது. நான்கு பேர் உட்கார்ந்த ஆம்னி சுமார் 1,050 கிலோ. 50 கிலோமீட்டர் வேகத்தில் அது சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 1 லட்சம் ஜூல். அதை 30 சென்டிமீட்டர் தூரத்துக்குள் விழுங்க வேண்டுமென்றால் சராசரியாக 34 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். முன்னால் அந்த விசையைத் தாங்கும் பம்பரை வைக்கலாம், இரும்புக்கா பஞ்சம்? ஆனால் பம்பரைத் தாங்கிப் பிடிப்பது வண்டிக்குக் கீழே ஓடும் இரண்டு மெல்லிய பெட்டிச் சட்டங்கள். பம்பர் அவற்றைவிட முரடாக இருந்தால் அவைதான் முதலில் மடங்கும். அவை மடங்குகிற இடம் ஓட்டுபவரின் கால் இருக்கும் இடம். முன்னால் இருப்பது முதலில் நசுங்க வேண்டும், ஆள் இருக்கும் கூடு கடைசியில். பைப் பம்பர் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. நடந்து போகிறவர் மேல் பட்டால் அவர் கதியும் மோசம். மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே இந்தக் கம்பித் தடுப்புகளை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுக்கு எதிரானது என்று சொல்லி, நடவடிக்கை எடுக்க மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அப்படியும் பொள்ளாச்சி ரோட்டில் பத்து நிமிஷம் நின்றால் எத்தனை பார்க்கலாம் என்பது உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது யோசனை கோயம்புத்தூருக்கே உரியது. செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயில் ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்யும் நண்பர் ஒருவர் ரோல் கேஜ், அதாவது வண்டிக்குள் இரும்புக் குழாய்க் கூடு, கட்டித் தருவதாகச் சொன்னார். ரேஸில் அது உயிர் காக்கும், சந்தேகமில்லை. அங்கே ஓட்டுபவர் ஹெல்மெட் போட்டு, பல முனை வாரில் இறுகக் கட்டப்பட்டு இருக்கிறார். சந்தைக்குப் போகும் வேனில் வெறும் தலைக்கு ஒரு சாண் தூரத்தில் இரும்புக் குழாய் வைத்தால், சாதாரண மோதலில்கூட அதுவே மண்டையை உடைக்கும். நண்பரே யோசித்துவிட்டு விலகிக்கொண்டார்.

ஏர்பேக் பற்றியும் கேட்டார்கள். அது பை மட்டும் இல்லை. மோதலை உணரும் கருவி, எந்த நொடிப் பின்னத்தில் விரிய வேண்டும் என்ற கணக்கு, ஸ்டீயரிங் அமைப்பு எல்லாம் அந்த மாடலையே பல முறை மோதவிட்டுச் செய்யப்படுவது. வெளியில் வாங்கி மாட்டுகிற சாமான் கிடையாது.

அப்படியானால் முன்பக்கத்துக்கு என்னதான் செய்தோம்? டிரைவர் சீட்டைக் கால் எட்டும் அளவுக்குக் கடைசிப் பல் வரை பின்னால் தள்ளினோம். தேய்ந்து போன சீட் கொக்கியை மாற்றினோம். இன்ஜினுக்காகத் தூக்கித் தூக்கி அது லொடலொடவென்று ஆடியது. மோதலில் சீட்டே கழன்றால் பெல்ட்டால் என்ன பிரயோஜனம்? அவ்வளவுதான் முன்பக்க வேலை.

ரப்பர் மேட்டுக்குக் கீழே

தரையில் விரித்திருந்த ரப்பர் மேட்டைத் தூக்கியபோதுதான் உண்மையான பிரச்சினை தெரிந்தது. இந்த வேன் பல வருஷம் பல்லடம் பக்கமிருந்து தோப்புக்குக் கோழி எரு மூட்டை ஏற்றியிருக்கிறது. ஈரமும் அமோனியாவும் உப்பும் சேர்ந்து தரைத் தகரத்தைத் தின்றுவிட்டன. மேலே பெயின்ட் பளபளப்பு. வாசலுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினால் உள்ளே போனது. ஓரிடத்தில் காந்தம் ஒட்டவில்லை. முன்பு வேறொரு பட்டறையில் ஓட்டையில் பட்டி வைத்துத் தேய்த்து, பெயின்ட் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

பழைய வேனில் பாதுகாப்புக்காகச் செலவழிக்கும் முதல் ரூபாய் இங்கேதான் போக வேண்டும் என்பது என் கட்சி. ஆம்னிக்கு லாரி மாதிரி தனி சேசிஸ் கிடையாது. தரையும் பக்கச் சட்டமும் தூண்களும் கூரையும் சேர்ந்துதான் கூடு. இருபுறமும் பெரிய தள்ளுகதவுக்காகத் திறந்துவிட்ட உடம்பில், கீழே ஓடும் சட்டம்தான் முன்னையும் பின்னையும் பிடித்து நிறுத்துகிறது. அது துருப்பிடித்தால் அந்த வண்டி புதிதாக வந்தபோது இருந்த கொஞ்ச நஞ்சப் பலமும் போச்சு.

டிங்கர் அண்ணன் பேட்ச் ஒட்டும் ஆள் இல்லை. துரு பிடித்த தகரத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எடுத்தார். 18 கேஜ் தகரத்தைப் பழைய மடிப்புகள் அப்படியே வரும்படி மடித்து, கோ2 (கார்பன் டை ஆக்சைடு) வெல்டிங்கில் வைத்தார். கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று அவரே சொன்னார். சூடு பரவி மெல்லிய தகரம் நெளியும், சுற்றியுள்ள இடம் பலவீனமாகும். இன்னும் தடிமனான தகரம் வைக்கலாமே என்று கேட்டதற்கும் பம்பர் பதில்தான்: ஒரு இடம் மட்டும் முரடானால் அதற்குப் பக்கத்து இடம் மடங்கும். பெட்டிக்குள் மெழுகுக் கலவை அடித்து, தண்ணீர் வடியும் துளைகளைத் திறந்து விட்டார். கோழி எரு இனி இந்த வண்டியில் ஏறாது என்று அப்பாருவிடம் வாக்கு வாங்கியதும் அவர்தான்.

தள்ளுகதவின் கொக்கிகளும் உருளைகளும் மாற்றப்பட்டன. மோதலில் கதவு திறந்து ஆள் வெளியே எறியப்படுவது மூக்கில்லாத வண்டியின் இன்னொரு பெரிய ஆபத்து. கதவுகளில் பக்கமோதல் கம்பி இல்லை, அதைச் சேர்க்க வழியும் இல்லை.

பெல்ட்டுக்கு ஒரு தூண்

முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் இருந்தது. ஆனால் வெயிலில் காய்ந்து, ஓரம் பிசிறடித்து, வெடுக்கென இழுத்தாலும் பூட்டாத பெல்ட். புதியது போட்டோம். கோயம்புத்தூர் உக்கடத்தில் பழைய சாமான் கடையில் நல்ல பெல்ட் கிடைக்கும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒரு முறை மோதலில் ஆளைத் தாங்கிய பெல்ட்டின் நூல் நீண்டு போயிருக்கும், மறுபடி அது அதே வேலையைச் செய்யாது. வளையம் உரசும் இடத்தில் நாடா உருகிப் பளபளத்தாலோ, தையல் பிரிந்திருந்தாலோ அது அடிபட்ட வண்டியின் பெல்ட். கடைக்காரருக்கே அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று தெரியாதபோது நாம் எப்படி நம்புவது?

பின் வரிசைதான் கஷ்டம். மூன்று முனை பெல்ட்டை வோல்வோவில் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டு வந்தார். அதன் சூட்சுமமே மூன்று முனைகளும் எங்கே உட்காருகின்றன என்பதில் இருக்கிறது. இடுப்பு வார் தொடை எலும்புக்கு மேல், இடுப்பெலும்பில் பதிய வேண்டும், வயிற்றில் ஏறக்கூடாது. தோள் வாரின் மேல் முனை தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தரையில் முடிந்துவிட்டால் மோதலில் வார் தோளைக் கீழே இழுத்து முதுகெலும்பை நசுக்கும். இப்படித் தரையில் போல்ட் போட்ட வேன்கள் நம் ஊரில் நிறைய ஓடுகின்றன.

அப்புறம் பலம். கார்களுக்கான சர்வதேச விதிப்படி மூன்று முனை பெல்ட்டின் பிடிமானச் சோதனையில் தோள் வாருக்கு 13,500 நியூட்டன், இடுப்பு வாருக்கு 13,500 நியூட்டன் என ஒரே நேரத்தில் இழுப்பார்கள். ஒவ்வொன்றும் சுமார் 1,375 கிலோ தொங்குவதற்குச் சமம். ஒரு வாரின் இழுப்பே இந்த வேனின் மொத்த எடையைவிடப் பெரியது. செயின் பிளாக்கில் இழுத்துப் பார்த்துவிடலாமா என்று பட்டறைப் பையன் கேட்டான். வண்டிதான் அந்தரத்தில் தொங்கும்.

எனவே தகரத்தில் ஓட்டை போட்டு போல்ட் மாட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கரூர் அனுபவம் இங்கேதான் கை கொடுத்தது. பின் சீட்டின் இரு ஓரத்திலும், பின்தூணுக்கு உள்பக்கமாக, தரையின் குறுக்குச் சட்டத்திலிருந்து கூரைச் சட்டம் வரை மடித்த தகரத் தூண் ஒன்றை நிறுத்தினார் அண்ணன். மேல் முனையின் நட்டை அந்தத் தூணுக்குள் வெல்டிங் செய்து, பின்னால் 3 மில்லிமீட்டர் தகடு. கீழ் முனைகளுக்குத் தரைக்கு அடியில் உள்ளங்கை அகலத் தகடுகள், ஓரம் உருட்டியவை. கூர்மையான ஓரம் மெல்லிய தகரத்தை அரிந்து வெளியே வந்துவிடும். போல்ட், பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல நுண்மரை போல்ட். ஹார்டுவேர் கடை போல்ட் இல்லை. இந்த அமைப்பை யாரும் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்க்கவில்லை. வரைந்து, கணக்குப் போட்டு, கணக்குக்கு மேல் தாராளமாக வைத்தது. தொழிற்சாலைப் பிடிமானத்துக்கு இது சமம் என்று நான் எழுதித் தர மாட்டேன். எதுவும் இல்லாததற்கு இது எவ்வளவோ மேல் என்பதை எழுதித் தருவேன்.

எட்டு நாலான கதை

வீட்டில் பெரிய சண்டை வந்தது இதற்குத்தான். எட்டு சீட் ஆம்னியில் நடு வரிசை பின்னோக்கிப் பார்க்கும், பின் வரிசை முன்னோக்கிப் பார்க்கும், எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டே பழனி போகலாம். பின்னோக்கி உட்காருவது முன்மோதலுக்கு உண்மையில் நல்லது. உயரமான, உறுதியான முதுகுப் பலகை இருந்தால். இங்கே இருப்பது தோளுக்கும் எட்டாத பலகை, தலைக்குத் தாங்கலே இல்லை. கழுத்து பின்னால் மடங்கும். அதற்குள் எதிரே பெல்ட் இல்லாமல் இருப்பவர்கள் மடியில் வந்து விழுவார்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 30 சென்டிமீட்டருக்குள் நின்றால் அது புவியீர்ப்பின் 33 மடங்கு. 60 கிலோ ஆள் அந்த நொடியில் இரண்டு டன்.

நடு பெஞ்சை எடுத்துவிட்டு, பின் வரிசையில் இரண்டு பேருக்கு மட்டும் முழு பெல்ட் என்று நான் சொன்னேன். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

"வேனு வாங்குனதே எட்டுப் பேரு போறதுக்குத்தானுங்க தம்பி. நாலு பேரு போறதுக்கு எதுக்குங்க வேனு?" என்றார் அப்பாரு. நியாயமான கேள்வி. பதில் சொன்னது அவர் பேரன்தான்: "முகூர்த்தத்துக்கு டிராவலர் புடிச்சுக்கலாமுங்க அப்பாரு." கொஞ்ச நாள் பேச்சு வார்த்தை இல்லை. பிறகு, எடுத்த பெஞ்ச் தோப்பு வீட்டுத் திண்ணைக்கு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு சரி என்றார். சீட் எண்ணிக்கை மாறுவதால் ஆர்டிஓ அலுவலகத்தில் விண்ணப்பித்து ஆர்சியில் மாற்றச் சொல்லியிருக்கிறோம். அதைச் செய்யாமல் விட்டால் இன்சூரன்ஸ்காரர் கேள்வி கேட்க நாமே வழி செய்து கொடுத்ததாகும்.

மீதியெல்லாம்

காலியான இடத்தில் சாமான் ஏறும் என்று தெரியும். வீட்டு கேஸ் சிலிண்டர் நிறைந்திருந்தால் சுமார் 30 கிலோ. மேலே சொன்ன மோதலில் அது ஒரு டன் எடையுள்ள குண்டு. தரையில் நான்கு வளையங்கள் பின்தகட்டோடு வைத்து, கட்டுவதற்கு வார் வாங்கிக் கொடுத்தோம். சாமான் சீட் முதுகை ஒட்டி, தாழ்வாக, கட்டித்தான் வர வேண்டும்.

கேஸ் கிட் ஆர்சியில் ஏறியிருந்தது, நல்லது. ஆனால் சிலிண்டருக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய சோதனை எப்போதோ காலாவதி. சிலிண்டரைப் பிடித்திருந்த போல்ட் நான்கும் வெறும் தகரத்தில், வாஷரைத் தவிர அடியில் எதுவும் இல்லை. சோதனை முடித்த சிலிண்டரைத் தகடு வைத்து மறுபடி மாட்டினோம். பேட்டரிக்கு ஒரு கட் ஆஃப் சுவிட்ச், கை எட்டும் இடத்தில் ஒரு கிலோ தீயணைப்பான். வீட்டு சிலிண்டரிலிருந்து வண்டிக்கு கேஸ் ஏற்றும் பழக்கம் இந்த வீட்டில் இல்லை. இருந்திருந்தால் வேலையை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

டயர் 145 ஆர்12, சுமை வண்டிக்கான எல்டி வகை. பட்டன் நன்றாக இருந்தும் ஓரத்தில் தயாரிப்பு வாரத்தையும் ஆண்டையும் படித்துப் பார்த்தால் வயசாகிவிட்டது. மாற்றம். பிரேக் ஆயில் புதிது, பின் வீல் சிலிண்டர் புதிது, பின்னால் ஒளிரும் பட்டை. இவை வழக்கமான வேலைகள்.

எந்த ரோட்டில், யாரை வைத்து

வேலை முடிந்தபின் பேரன் கேட்டது: இனிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் போகலாமா? நான் லாரிக் கணக்கைக் காட்டினேன். 16 டன் லாரியும் இந்த ஆம்னியும் ஆளுக்கு 50-இல் நேருக்கு நேர் மோதினால், லாரியின் வேகம் 6 கிலோமீட்டர் குறையும். ஆம்னி நின்று, சுமார் 44 கிலோமீட்டர் வேகத்தில் பின்னால் தள்ளப்படும். அதாவது வேனுக்குள் இருப்பவருக்கு ஒரு நொடிக்குள் 94 கிலோமீட்டர் மாற்றம். நாம் வைத்த தூணும் தகடும் இதற்கு எதிராக ஒன்றும் செய்யாது. நடுத்தடுப்பு இல்லாத ரோட்டில், இரவில், லாரி ஓட்டத்தில் இந்த வண்டி இருக்கக்கூடாது. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி ஏறுவதுகூட, வேகம் குறைவு என்பதால், இந்த வண்டிக்கு இதைவிடத் தேவலாம். பிரேக் சூடாவதைப் பார்த்துக்கொண்டால்.

குழந்தை சீட் இப்போது பின் வரிசை இடப்பக்கத்தில் இறுக்கமாக உட்காருகிறது. ஆனால் கோயம்புத்தூர் பயணத்துக்கு ஏர்பேக் உள்ள ஒரு செகண்ட் ஹேண்ட் காரைப் பார்க்கச் சொன்னேன். பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆம்னி தோப்புக்கும், பொள்ளாச்சி சந்தைக்கும், ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கும், 50-க்கு மேல் போகாமல்.

பாக்கி இருப்பவை: ஆர்சியில் சீட் மாற்றம், முன் சீட்டுகளுக்குத் தலைத் தாங்கல் உள்ள முதுகு கிடைத்தால் அது, மழைக்காலம் முடிந்ததும் வலது வாசல் சட்டத்தில் ஸ்க்ரூடிரைவர் பரிசோதனை. அந்தப் பக்கம் ஒரு முழம் பழைய தகரத்தை நன்றாக இருக்கிறது என்று விட்டு வைத்திருக்கிறோம். டிங்கர் அண்ணனுக்கு அதில் இன்னும் சந்தேகம் தீரவில்லை.